குளிர்காலத்துக்கு ஒரு வீடும் ஐந்து துண்டுகளும்

வீடு பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் நான் முதலில் குழாயைத்தான் திறப்பேன். ஜப்பானின் வடக்கே பனி கொட்டுகிற இவாமிசாவா நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன். உறைந்துபோன குழாய்க்குச் சூடு காட்டுவதே பிழைப்பாக இருந்தவனுக்கு வேறு என்ன புத்தி வரும்? கடல் தெரிகிறது, நீச்சல் குளம் இருக்கிறது என்று தரகர்கள் அளந்துகொண்டிருக்கும்போது, நான் குளியலறையில் நின்று வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். "மானத்தை வாங்காதீங்க" என்பாள் என் மனைவி ஃபுமியே.

ஆனால் எனக்கு உண்மையில் தெரிய வேண்டியிருந்தது குழாய் சமாச்சாரம் இல்லை.

போன பிப்ரவரியில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டேன். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள். ஏழில் ஆளே கிடையாது. மிச்சத்தில் இருப்பவர்கள் எங்களைவிடக் கிழங்கள். ஃபுமியே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. கடைசியில் பனி தள்ளுகிற பெரிய தகரத் தட்டில் என்னைப் புரட்டிப் போட்டு, சறுக்கிச் சறுக்கி இழுத்துக்கொண்டே பெரிய சாலை வரை போயிருக்கிறாள். அறுபத்தொன்பது வயதில். இனி ஒரு குளிர்காலம் அங்கே இருந்தால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

எனவே டிசம்பர் நடுவிலிருந்து மூன்று மாதம் வெயில் அடிக்கிற தேசத்தில் ஒரு வீடு வேண்டும். ஓய்வூதியத்தைப் பிழிந்து பார்த்ததில் மலேசியக் காசில் மாதம் ஆயிரத்தெண்ணூறு ரிங்கிட் வரை தாங்கும். இதெல்லாம் எல்லோரிடமும் சொன்னது. சொல்லாதது ஒன்று இருந்தது. வெயில் என்ன அமிர்தமா? என் இதயம் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். நின்றால், அன்றைக்கு இவள் யாரோடு இருப்பாள்? பாஷை தெரியாத ஊரில், பக்கத்தில் யார் உட்காருவார்கள்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று எனக்குள்ளே முடிவு செய்திருந்தேன்.

கேட்கத்தான் வழி தெரியவில்லை. தாய்லாந்தில், சியாங் மாயில் ஒரு தரகரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவன் முகம் மலர்ந்து, "கவலையே படாதீங்க சார். ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்துல வரும். காப்பீடு இருந்தா உடம்பை ஊருக்கு அனுப்பற செலவுகூட அவங்களே பாத்துக்குவாங்க" என்றான். எனக்கு என்ன ஆகும் என்றா கேட்டேன்? அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டோம்.

அடுத்து பினாங்கு. இங்கே எங்களுக்கு வாய்த்த தரகர் தியோ என்ற அம்மாள். ஜப்பான்காரர்கள் நடத்திய தொழிற்சாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர், எங்கள் பாஷையை நன்றாகப் பேசுவார். பதினோராம் மாடியில் ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்து, "ஒரு வாரம் இருந்து பாருங்க இவாபுச்சி சான். உரிமையாளர் ரெண்டாயிரத்து முந்நூறு கேக்கறாரு, பேசிப் பாப்போம். ஆனா திங்கக்கிழமை ஒரு முடிவு சொல்லிடணும், ஒரு கொரியாக்காரத் தம்பதி வரிசையில நிக்கறாங்க" என்றார்.

வந்து இறங்கிய அன்றே நான் படுத்துவிட்டேன். விமானத்தில் தின்ற இறாலா, வெளியே வந்ததும் முகத்தில் அடித்த அனலா தெரியவில்லை, வயிறு கலங்கி, காய்ச்சலும் வந்துவிட்டது. வாசல் காவலாளி ஒரு கையில் பெட்டியும் மறு கையில் என்னையுமாகத்தான் லிஃப்டில் ஏற்றினார். படுக்கையறைக்குள் போய்ச் சுருண்டவன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கழிப்பறையும் உள்ளேயே இருந்தது. குளிர்சாதனக் காற்று வீணாகக் கூடாதென்று ஃபுமியே கதவை இறுக்கச் சாத்திவைத்தாள்.

மறுநாள் காலை அவள் கருநீல உடுப்பைப் போட்டு, முத்து மாலை சகிதம் என் கட்டில் அருகே வந்து நின்றாள். கையில் ஐந்து துண்டுகள். இமாபாரியில் நெய்த நல்ல வெள்ளைத் துண்டுகள். ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தில் மடித்து, கறுப்பு மையில் எங்கள் பெயரை எழுதியிருந்தாள்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"புது வீட்டுக்கு வந்திருக்கோமில்ல? எதிர்ல மூணு வீடு, ரெண்டு பக்கமும் ரெண்டு வீடு. ஒரு மரியாதைக்குக் குடுக்க வேண்டாமா?"

"ஒரு வாரந்தானே இருக்கப்போறோம்?"

"ஒரு நாள்னாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு. நீங்க பேசாம படுங்க."

அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். முகத்தில் ஒரு குழப்பம்.

"எல்லாரும் ரொம்ப நல்லவங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு பெரியம்மா இருக்காங்க, எதிர்வீட்டுல. நான் துண்டை நீட்டினதும் என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டாங்க."

"துண்டுக்கா?"

"நல்ல துண்டுதானேங்க."

"அதுக்காக அழுவாங்களா? அவங்க என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே?"

"நீங்க எங்கேன்னு சைகையில கேட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் வருமா, ஒண்ணா? குனிஞ்சு தலையை ஆட்டி, மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? நீங்கதான் எழுந்து வர்ற நிலையில இல்லியே."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காய்ச்சலில் அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். பெண்கள் குரல். ஃபுமியே கதவை ஒரு கையகலம் திறந்து உள்ளே நழுவி, மறுபடி சாத்தினாள்.

"அஞ்சு வீட்டுக்காரங்களும் வந்திருக்காங்க" என்று கிசுகிசுத்தாள்.

"எதுக்கு?"

"தெரியல. சாப்பாடு கொண்டுவந்திருக்காங்க. கறி மீன் ஒண்ணும் போடாத சேமியா, கஞ்சி, பிஸ்கட். கொண்டுவந்து வெச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க. பேசவும் மாட்டேங்கறாங்க, எழுந்து போகவும் மாட்டேங்கறாங்க."

"டீ போட்டுக் குடு."

"போட்டேன். என்னை உட்கார வெச்சு, அவங்க எனக்கு ஊத்திக் குடுக்கறாங்க. ஒருத்தங்க பாத்திரத்தையெல்லாம் கழுவிட்டாங்க. இன்னொருத்தங்க என் முதுகைத் தடவிக்கிட்டே இருக்காங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

"நான் வெளியே வரட்டுமா?"

"இந்தத் தலையோடயா? விருந்தாளிங்க முன்னாடி? வேற வினையே வேண்டாம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

படுத்தபடியே யோசித்தேன். துண்டு கொடுத்தவளுக்கு விருந்தா? இது என்ன ஊர்? எங்கள் தெருவில் இருபது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர் வீட்டை விட்டுப் போனதே வாசலில் மலையாகக் குவிந்த பனியைப் பார்த்துத்தான் தெரிந்தது. யோசிக்க யோசிக்க இருமல்தான் வந்தது. இரண்டு முறை பலமாக இருமினேன். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாகப் புகை வாசனை வந்தது. கொசுவுக்குச் சுருள் கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. பசித்தது. ஃபுமியே கஞ்சியோடு வந்து, இன்னொரு செய்தியும் சொன்னாள்.

"அந்தக் கண்ணாடிப் பெரியம்மா தலையணையோட வந்து நம்ம சோபாவுல படுத்துத் தூங்கினாங்க. இப்பத்தான் போனாங்க."

"அவங்க வீட்டுல இடம் இல்லியா?"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் போங்க போங்கன்னு கும்பிட்டேன். அவங்களும் பதிலுக்குக் கும்பிட்டுட்டுப் படுத்துக்கிட்டாங்க. குளிர்சாதனப் பெட்டி மேல என்னமோ சீனத்துல எழுதி வேற ஒட்டியிருக்காங்க."

"என்னன்னு எழுதியிருக்கு?"

"நம்ம எழுத்துலயும் இருக்கறதால ஒண்ணு ரெண்டு புரியுது, கிழமைங்க மாதிரி இருக்கு. ஏழு வரி, அடியில இன்னும் கொஞ்சம். கட்டடத்து விதிமுறையோ என்னமோ. குப்பை போடற நாளா இருக்கும்."

ஆக, குப்பை போடும் முறையை நாம் மீறிவிட்டோம், அதற்குத்தான் ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். எங்கள் ஊரில் அதற்குக் கடிதம் போடுவார்கள். இங்கே கஞ்சி கொண்டுவருகிறார்கள் போலும். எது எப்படியோ, இந்த வீடும் சரிப்படாது. திங்கட்கிழமை தியோ அம்மாளிடம் இல்லையென்று சொல்லிவிட வேண்டியதுதான்.

அவள் குளிக்கப் போனதும், கால் கொஞ்சம் நடக்கட்டுமே என்று எழுந்து, போட்டிருந்த வெளிர் நிற இரவு அங்கியோடு நடைக்கு வந்தேன். வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நடை முழுக்க ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. எங்கள் கதவில் மட்டும் இல்லை.

எங்கள் இலாகாவில் சிவப்புச் சீட்டு ஒட்டினால் தண்ணீரை வெட்டப் போகிறோம் என்று அர்த்தம். இங்கே எல்லோருக்கும் வெட்டிவிட்டு எங்களுக்கு மட்டும் விடுகிறார்களா? இல்லை, ஊரே சேர்ந்து எங்களை மட்டும் தள்ளிவைத்திருக்கிறதா? எதற்கும் தண்ணீர் மீட்டரைப் பார்த்துவிடலாம் என்று சுவரில் இருந்த அலமாரியைத் திறந்து, குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் லிஃப்ட் திறந்தது.

கீழே கடைக்குப் போய் வந்தவள் போல, கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மாள் கையில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றாள். நான் நிமிர்ந்தேன். அவள் கத்தவில்லை. பாத்திரத்தை மெல்ல, மிக மெல்லத் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். மூன்று முறை என்னைக் கும்பிட்டாள். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் மூன்று முறை குனிந்து வணங்கினேன். கூப்பிய கை கூப்பியபடியே பின்னால் நடந்து லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடும் வரை அவள் கண் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷத்தில் அதே லிஃப்டில் ஒரு கூட்டம். முன்னால் காவலாளி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி ஐந்து பெண்கள். காவலாளி ஒரு விரலை நீட்டி என் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கொஞ்சம் அழுத்திக் கிள்ளினார். நான் "ஆ!" என்றேன். அவர் திரும்பி என்னவோ சொன்னதும் பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஈரத் தலையோடு ஓடிவந்த ஃபுமியே கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எல்லோருக்கும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று அவளுக்கும் தெரியாது.

தியோ அம்மாள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடிப் பெரியம்மாள் பெயர் கூ என்று அப்போதுதான் தெரிந்தது. கூ அம்மாள் சொன்னதையெல்லாம் தியோ அம்மாள் கேட்டார். கேட்கக் கேட்க அவர் தோள் குலுங்கியது. கடைசியில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இவாபுச்சி சான், நீங்க செத்து ரெண்டு நாள் ஆச்சு."

"என்ன?"

"துண்டு யார் குடுத்தது?"

"நான்தான்" என்றாள் ஃபுமியே, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவள் போல.

"எங்க சீனச் சனங்க சாவு வீட்டுலதான் வெள்ளைத் துண்டு குடுப்போம். துக்கம் கேக்க வந்தவங்களுக்கு. நீங்க கறுப்பு மாதிரி உடுத்திக்கிட்டு, வெள்ளைக் காகிதத்துல சுத்தி, கறுப்பு மையில பேரை எழுதி, தலையைத் தூக்காம வீடு வீடா குடுத்திருக்கீங்க. வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டா தலையை ஆட்டியிருக்கீங்க. நீங்க வந்து இறங்கின அன்னைக்குன்னு பாத்து ஆறாவது மாடிக்கு ஆம்புலன்ஸ் வேற வந்திருக்கு. இவரைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்ததைக் காவலாளி பாத்திருக்காரு. வேற என்ன நினைப்பாங்க? உடம்பு ஆஸ்பத்திரியில இருக்கு, தூதரகத்துக் காகிதம் வரணும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க."

"அந்தச் சிவப்புக் காகிதம்?" என்றேன்.

"பக்கத்துல சாவு விழுந்தா, தீட்டு நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு ஒட்டறது. நேத்து உங்க இருமல் வேற கேட்டுதாம். ஆவி வீட்டை விட்டுப் போக மாட்டேங்குதுன்னு ஊதுபத்தி கொளுத்தியிருக்காங்க."

ஃபுமியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ, இனி எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு இவங்களோட லிஃப்ட்ல ஏறுவேன்? உடனே மன்னிப்புக் கேக்கணும். பெட்டியில இன்னும் அஞ்சு துண்டு இருக்கு..."

"தயவுசெஞ்சு துண்டை மட்டும் தொடாதீங்க!" என்று தியோ அம்மாள் அலறினார். "எங்க ஃபேக்டரியில புதுசா வந்த மேனேஜர் ஒருத்தர் இப்படித்தான் எல்லாருக்கும் துண்டு குடுத்தாரு. கம்பெனியே செத்துடுச்சு, வேலை போச்சுன்னு நாங்க நாப்பது பேர் அழுதோம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. இங்க வர்ற வழியில வீட்டு உரிமையாளர் போன் பண்ணாரு. 'சாவு விழுந்த வீட்டுக்கு இனி யாரு வருவா, அந்தம்மாவே இருக்கறதா இருந்தா ஆயிரத்தி அறுநூறுக்குக் குடுத்துடு'ங்கறாரு. கொரியாக்காரங்களும் விஷயம் கேள்விப்பட்டு ஓடிட்டாங்க. நீங்க உசுரோட இருக்கறதை நான் இன்னும் அவருக்குச் சொல்லல."

நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி மேலிருந்த காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினேன். "இதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் படித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது.

"ஏழு நாளைக்கு முறை போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை காலை கஞ்சி கூ அக்கா. ராத்திரி துணைக்குப் படுக்கறதும் அவங்கதான். சனிக்கிழமை சாப்பாடு பதினொண்ணு-ஏ வீட்டம்மா. தூதரகத்துக்குக் கார்ல கூட்டிட்டுப் போறது பதினொண்ணு-டி வீட்டுப் பையன். ஞாயித்துக்கிழமை..." அவர் நிறுத்தி, கீழே இறங்கி, கடைசி வரியைப் படித்தார். "'அம்மாவைத் தனியா விடக் கூடாது. பிள்ளைங்க வர்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் கூட இருக்கணும். பாஷை தெரியலன்னாலும் பரவாயில்ல, சும்மா உட்கார்ந்திருந்தா போதும்.'"

சியாங் மாயில் சுற்றி வளைத்துக் கேட்டுக் கிடைக்காத பதில், நான் கேட்காமலே நேற்றிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது. நானோ உள்ளே படுத்துக்கொண்டு குப்பை போடும் நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள். ஃபுமியேவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிப்ரவரிக்குப் பிறகு நாங்கள் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. அவளுக்கும் அதே பயம் இருந்திருக்கிறதென்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன்.

கூ அம்மாள் இதற்குள் வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தோடு திரும்பியிருந்தாள். மெல்லிய சேமியா, மேலே சிவப்புச் சாயம் தோய்த்த அவித்த முட்டை. செத்துப் பிழைத்தவன் அதைச் சாப்பிட வேண்டுமாம். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு என் மடியிலிருந்த காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. இரண்டு கிழங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம்.

"அது அபசகுனம், குடு கிழிச்சுப் போடறேன்கறாங்க" என்றார் தியோ அம்மாள்.

"வேண்டாம். நான் வெச்சிக்கறேன்."

கூ அம்மாள் சலிப்போடு என்னவோ சொன்னாள். தியோ அம்மாள் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "'இதை எதுக்குடா கட்டிக்கிட்டு அழறே? தேவைப்பட்டா திரும்ப எழுதிக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை'ங்கறாங்க."

"திரும்ப சொல்லுங்க."

"எதை?"

"கடைசியா சொன்னாங்களே, அதை."

"தேவைப்பட்டா திரும்ப எழுதிக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை."

நான் காகிதத்தை விட்டுவிட்டேன். கூ அம்மாள் அதை நாலாகக் கிழித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நான் தியோ அம்மாளிடம் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, பேனாவை எடுத்தேன்.

"உரிமையாளர்கிட்ட நான் உசுரோட இருக்கறதைச் சொல்லிடுங்க" என்றேன். "இல்லாத சாவைக் காட்டி எனக்கு வீடு வேண்டாம்."

"சொல்றேன். செத்துப் பிழைச்சவர் குடியிருக்கற வீடு ராசியானதுன்னும் சேத்துச் சொல்றேன். ஆயிரத்தெண்ணூறுக்கு இறங்கி வருவாரு, விடுங்க."

ஃபுமியே என் காதருகே குனிந்தாள். "இந்த வீட்டுல குழாயைத் திறந்தே பாக்கலியே நீங்க? தண்ணி நூல் மாதிரிதான் வருது. ஒரு வாளி நிரம்ப நாலு நிமிஷம் ஆகுது. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

நான் கையெழுத்துப் போட்டேன்.